பட்டியை விட்டு வர முடியாதவனைப் பார்க்க நாம் போகலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2024 டிசம்பரில் பட்டர்வொர்த்தில் எங்கள் உறவுக்காரப் பெண்ணின் திருமணம் நடந்தது. பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், என் அக்காள் மகனைக் குறித்து, "வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தும் வரவில்லை, நம்மைவிட அவனுக்கு ஆடு பெரிதாகப் போய்விட்டது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று வாய் மூடி இருந்தது ஓராண்டாக என் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால், அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். என் அக்காள் மகன், நிபோங் திபாலுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் இடையில், செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய நான்கு ஏக்கர் குத்தகை நிலத்தில் ஆறு ஆண்டுகளாகச் செம்மறி ஆடு வளர்த்து வருகிறான். மாலின் என்று சொல்லப்படும் உள்நாட்டுப் பெட்டைகளையும், தென்னாப்பிரிக்காவில் உருவான டார்ப்பர் இனக் கிடாய்களையும் சேர்த்து வளர்ப்பதால், அவன் பட்டியில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்குத் தலை கறுப்பாகவும் உடல் வெள்ளையாகவும் இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளையும் அவனும் அவன் மனைவியும் மட்டுமே பார்த்துக்கொள்கிறார்கள்; ஆள் வைக்க வருமானம் போதாது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014இல் திறந்ததிலிருந்து, தீவில் இருக்கும் நாங்கள் பத்து காவான் வழியாக அவன் வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்படி இருந்தும், அந்தத் திருமணம் நடந்த நாள் வரைக்கும் நான் அங்கே போனது ஐந்து முறைதான் இருக்கும். அதில் நான்கு முறை தீபாவளிக்கு இறைச்சி வாங்கப் போனது.

அதனால் 2025 பொங்கலுக்கு, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் மகனையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். வாசலில் பொங்கல் பொங்கி வழிந்தபோது, அக்காள் மகனான என் மருமகன் அங்கே இல்லை; கொட்டகையில் ஒரு பெட்டை ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்ற அந்த ஆடு, முன்னங்காலால் பலகையைச் சுரண்டுவதும் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பனிக்குடம் உடைந்ததும் இரண்டு குளம்புகளும் அவற்றின் மேல் பதிந்த ஒரு சின்ன மூக்கும் தெரிந்தன. முதல் குட்டி தானாகவே வந்து விழுந்தது. இரண்டாவது அப்படி வரவில்லை. ஒரு கால் மட்டும் வெளியே தெரிய, மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. மருமகன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, ஆடு முக்குவதை நிறுத்திய இடைவேளையில் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் தேடிப் பிடித்து நேராக்கினான். வெளியே வந்த குட்டி மூச்சு விடவில்லை. வாயிலிருந்த கோழையை விரலால் வழித்தெடுத்து, ஒரு வைக்கோல் துரும்பால் மூக்கைச் சீண்டி, சாக்குத் துணியால் விலாவை அழுத்தித் தேய்த்தான். அது தும்மியபோது, ஒன்பது வயதான என் பேத்தி தான் இதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை உணர்ந்தவள்போல் ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகும் அவன் எழுந்து வந்துவிடவில்லை. தொப்புள்கொடியை அயோடினில் நனைக்க வேண்டும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் குட்டியின் வயிற்றுக்குச் சீம்பால் போக வேண்டும். செம்மறிக் குட்டி தாயின் கருப்பையில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி எதையும் பெறுவதில்லை, அத்தனையும் சீம்பாலிலிருந்துதான் கிடைக்கிறது. தாய் முதல் குட்டியை நக்கிக்கொண்டே இரண்டாவதை முட்டித் தள்ளியது. எனவே காம்பிலிருந்து சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊற்றி, என் பேத்தியின் கையில் கொடுத்தான். அவள் அந்தக் குட்டிக்குத் 'தை' என்று பெயர் வைத்தாள். மருமகன் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தது மாலை நான்கரை மணிக்கு. பத்திரிகை வைத்தும் வராதவன் என்று பந்தியில் சொன்னார்களே, அந்த நாளிலும் இப்படி ஏதோ ஒன்றுதான் நடந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கேட்டேன். அன்று மூன்று ஆடுகள் ஈன்றனவாம்.

அதன்பின் மாதத்துக்கு ஒரு முறையேனும் போவதென்று முடிவு செய்தேன். பல மாதங்களில் இரண்டு மூன்று முறையும் போனேன். அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாததுதான் உறவுக்காரர்களின் மனக்கசப்புக்கெல்லாம் காரணம்.

விடியுமுன், ஆறரை மணிக்கு, கைவிளக்குடன் முதல் எண்ணிக்கை நடக்கும். கொட்டகை தரையிலிருந்து ஆள் உயரத்தில் பரணாகக் கட்டப்பட்டது. பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாகப் புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் ஆடுகள் ஈரத்தில் படுப்பதில்லை. எண்ணி முடித்ததும் தண்ணீர்த் தொட்டி கழுவி, உப்புக்கட்டியைப் பார்த்து, நேப்பியர் புல்லை இயந்திரத்தில் நறுக்க வேண்டும். பத்து மணிக்கு முன்பு ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுவதில்லை. பனி காயாத புல்லின் நுனியில் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும். அந்தப் புழு வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவதால், சில நாளுக்கு ஒரு முறை ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் விரித்துப் பார்க்கிறான். உட்புறம் சிவந்திருந்தால் நலம். வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துக்கொண்டே போனால் புழு மருந்துக்குப் பழகிவிடும் என்பதை அவன்தான் எனக்கு விளக்கினான்.

மேய்ச்சல் பெரும்பாலும் செம்பனை மரங்களுக்கு அடியில்தான். ஆனால் இளங்கன்று நட்ட இடங்களில் ஆடு குருத்தைக் கடித்துவிடும் என்பதால் அங்கே விட முடியாது. களைக்கொல்லி அடித்த இடங்களிலும் விட முடியாது. எனவே எந்தப் பகுதியில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் முதல் நாள் மாலையே கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது. தீனியிலும் கவனம் தேவை. செம்பனை விதைப் புண்ணாக்கு நம் நாட்டில் எங்கும் மலிவாகக் கிடைத்தாலும் அதில் செம்புச் சத்து அதிகம். மாடு தாங்குகிற அளவைச் செம்மறி ஆடு தாங்காது. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, பிறகு ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஆடு விழுந்துவிடும். இரண்டாவது ஆண்டில் அப்படி ஏழு ஆடுகளை இழந்துதான் இதைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். மாலை ஐந்தரைக்கு மறுபடியும் எண்ணிக்கை, இரவு பத்து மணிக்கு ஈனும் நிலையில் உள்ளவற்றை ஒரு முறை பார்வையிடல். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான், பொது விடுமுறையும் இப்படித்தான்.

இங்கே என் தந்தையார் காலத்து நினைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஆடோ மாடோ இருந்தது. 1970களிலும் 80களிலும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே மரங்களுக்கு அடியில் செம்மறி ஆடுகளை மேயவிட்டுக் களையைக் கட்டுப்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தது. சாவு, கல்யாணம், கோயில் திருவிழா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போக நேர்ந்தால், அடுத்த வீட்டுக்காரர் எங்கள் ஆட்டுக்கும் சேர்த்துப் புல் அறுத்துப் போடுவார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டது கிடையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாமெல்லாம் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு, ஆடு வளர்ப்பவனுக்கு அந்த அடுத்த வீடு இல்லாமல் போய்விட்டது. அந்த இடத்தை இன்று உறவினர்கள்தான் நிரப்ப வேண்டும்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. மருமகன் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தான். நள்ளிரவில் புறப்பட்டு, அதிகாலையில் தண்டாயுதபாணிக்குப் பால் சேர்த்துவிட்டு, தேர் பார்க்கக்கூட நிற்காமல் எட்டு மணிக்குள் திரும்பிவிட்டான். அந்த எட்டு மணி நேரமும் கொட்டகைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அப்போது எண்ணக்கூடச் சரியாக வராது. ஆடுகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருப்பதால் மூன்று முறை எண்ணி மூன்று விடை கண்டேன். வாசற்படியை ஓர் ஆடு நுழையும் அளவுக்கு ஒடுக்கி வைத்து, இரண்டிரண்டாக அல்லாமல் ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டு எண்ண வேண்டும் என்று திரும்பி வந்த பிறகு காட்டினான்.

ஜூன் 7ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். அதற்கு முந்திய இரண்டு வாரங்கள் அவனுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த காலம். குர்பான் கொடுக்க வாங்குகிறவர்கள் கண், கால், காது, பல் எல்லாவற்றையும் பார்த்து, குறை எதுவும் இல்லாத கிடாயாகத் தேர்ந்தெடுப்பார்கள். வாங்க வந்த அண்டைக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குழந்தைகளை விசாரித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி வேலியோரம் நின்று "தை" என்று ஒரு குரல் கொடுத்ததும், ஐந்து மாத வளர்ச்சியில் எனக்கே அடையாளம் தெரியாமல் இருந்த அந்த ஆடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் விரலைச் சப்பியது. இங்கிலாந்தின் பேப்ரஹாம் ஆய்வுக் கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு செம்மறி ஆடு ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று காட்டியது. 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார், புகைப்படத்தில் உள்ள மனித முகங்களையும் இனங்காணச் செம்மறிகளைப் பழக்க முடியும் என்று காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, சிந்திக்காத பிள்ளைகளைச் "செம்மறியாட்டுக் கூட்டம்" என்று கடிந்துகொண்ட நான், அந்தச் சொல்லுக்காக இப்போது வருந்துகிறேன்.

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டி வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஆண்டு முழுவதும் ஒரு தொலைபேசி அழைப்புக்கூடச் செய்யாதவர்கள் வந்து, "சொந்தக்காரனுக்கே இந்த விலையா" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதே கேள்வியைக் கேட்டவன். ஆனால் கணக்கு என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அந்தத் தீபாவளிக்குத் தயாரான கிடாய் 2024 நவம்பர் வாக்கில் பிறந்தது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, ஜூனில், தாய் சினைப்பட்டது. ஆக ஒரு வீட்டின் தீபாவளிக் குழம்புக்குப் பின்னால் ஏறக்குறைய பதினாறு மாதங்கள் தவறாமல் எழுந்த ஆறரை மணிகள் இருக்கின்றன. நம் நாட்டில் உண்ணும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் ஆயிரக்கணக்கில் வளரும் அந்த ஆடுகளின் விலையோடு, புல்லை அறுத்துச் சுமந்து ஊட்டி வளர்க்கும் நூறு ஆட்டின் விலையை ஒப்பிடுவது நியாயமாகாது. உறவுக்கு விலையைக் குறைக்கும் ஒவ்வொரு தீபாவளியிலும் அவன் அடுத்த மாதத் தீனிக் காசைத்தான் குறைத்துக்கொள்கிறான்.

நவம்பரில் பெருமழை பெய்த ஓர் இரவு, வேலி சரிந்த இடம் வழியாகத் தெருநாய்கள் நுழைந்து நான்கு சினை ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துக் கம்பத்து முதியவரும் காய்கறி பயிரிடும் சீனர் ஒருவரும் மழையிலேயே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகன் மனைவி அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதாள். எங்கள் உறவுக் குழுவில் என் மகன் செய்தியைப் போட்டபோது, அழுகைப் பொம்மைகள் இருபதுக்கு மேல் வந்தன. ஒருவரும் நேரில் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. செபராங் பிறையிலும் கெடாவிலும் பேராக்கிலும் ஆடு, மாடு, கோழி வளர்க்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், பண்டிகை அல்லாத சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போங்கள். அன்றே வேறொரு பண்ணைக்குப் போய்விட்டு அங்கே போகாதீர்கள். வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் காலணியை நனைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோமாரி போன்ற நோய்கள் நம் செருப்போடும் கார்ச் சக்கரத்தோடும் போகக்கூடியவை. கருவுற்ற பெண்கள் ஈனும் ஆட்டையும் புதுக்குட்டியையும் தொடக் கூடாது. அவற்றிலிருந்து கருவைப் பாதிக்கும் தொற்று வர வாய்ப்புண்டு. ஆட்டுக்கு ரொட்டியும் மீந்த சோறும் கொடுக்காதீர்கள், வயிறு புளித்து உப்பிவிடும். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஒரு முறை, இரண்டு முறை போனால் விருந்தாளி. ஆறு முறை போனால் அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் உறவில் இருந்தால், ஆடு வளர்ப்பவன் ஒரு நாளாவது பட்டியை விட்டு வெளியே போகலாம்.

எங்களால் அது முடிந்தது. டிசம்பர் நடுவில் மருமகன் மனைவியின் தங்கைக்கு ஈப்போவில் திருமணம். மருமகனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து ஓர் இரவு வெளியூரில் தங்குவது ஆறு ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. என் மகன் கோலாலம்பூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்தான். ஈனும் நிலையில் எந்த ஆடும் இல்லாத தேதியாகப் பார்த்து, கால்நடை மருத்துவரின் எண்ணைச் சுவரில் எழுதி வைத்து, பத்து முறை சொன்னதையே பதினோராவது முறையும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். புல் நறுக்கியதும் தொட்டி கழுவியதும் மகன். இமை பார்த்ததும் குறிப்பு எழுதியதும் நான். மாலை ஐந்தரை மணி எண்ணிக்கையில் நூற்றுப் பதினாறுதான் வந்தது. மறுபடியும் எண்ணினோம், மறுபடியும் நூற்றுப் பதினாறு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மகன் விளக்கை எடுத்துக்கொண்டு வேலியோரமாக ஓடினான். நான் கொட்டகைக்கு அடியில், புழுக்கை மூட்டைகளுக்குப் பின்னால், நறுக்காத புல் குவியலை விலக்கிப் பார்த்தபோது, இரண்டு மாதக் குட்டி ஒன்று அந்தக் கதகதப்பில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே தொலைபேசி அடித்தது. மண்டபத்து மேளச் சத்தத்துக்கு நடுவே மருமகன், "மாமா, எத்தனை?" என்று கேட்டான். "நூற்றுப் பதினேழு" என்றேன். சற்று நேரம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி மாமா, அப்படியென்றால் நான் பந்தியில் உட்காருகிறேன்" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஜெலுத்தோங், பினாங்கு.